கல்மதிலும் காட்டுப்பூவும்

பூந்தோட்டம் என்றதும் நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது ஒரே காட்சிதான். வரிசையாக அடுக்கிய பூச்சாடிகள், அவற்றிலே ரோசாவும் குரோட்டனும், காலையும் மாலையும் நீர் வார்க்க ஓர் ஆள். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இக்காட்சி பொருந்தும். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இது பொருந்துமா? ஆனி, ஆடி மாதங்களில் வீட்டுக் கிணறு உவர்த்துப்போக, குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அலைய நேரும் குடும்பம், ரோசாவுக்கு எந்த நீரை வார்ப்பது?

இதனாலேதான் தீவுப்பகுதியிற் பூந்தோட்டம் என்பது வசதி படைத்தவரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் தவறு. மழை பெய்து ஓய்ந்த மார்கழியில் நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களையும், வேலணையின் ஒழுங்கைகளையும், நயினாதீவின் கடற்கரையையும் கண்டவர்கள் அறிவர்: யாரும் நடாமல், யாரும் நீர் வார்க்காமல், வெண்மையும் நீலமும் இளஞ்சிவப்புமாக எத்தனை பூக்கள்! அவற்றை நாம் களை என்கிறோம். அவற்றுள் நல்லவற்றைத் தெரிந்து, உரிய இடத்தில் இருத்தி, தீயவற்றை விலக்கினால் அதுவே தோட்டம். அதற்குக் கிணறு வேண்டியதில்லை. மதிலுக்கு எந்தச் செடி விருந்தாளி, எந்தச் செடி பகைவன் என்ற அறிவு மட்டும் வேண்டும். அவ்வறிவு இல்லாவிடின் பூவும் இல்லை, நாளடைவில் மதிலும் இல்லை.

நிலமும் பருவமும்

யாழ்ப்பாணத் தீவுகளின் அடித்தளம் சுண்ணக்கல். அதன்மேற் படிந்துள்ள மண் பல இடங்களில் ஒரு சாண் ஆழமும் இல்லை. ஆறு இல்லை, அருவி இல்லை, மலை இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைக்காற்று மழையே ஆண்டின் பெருமழை. சித்திரையில் ஒரு சிறுமழை எட்டிப் பார்க்கும். பின்னர் சோளகக்காற்று கடலின் உப்பைச் சுமந்துகொண்டு மாதக்கணக்காக வீசும்.

இத்தகைய நிலத்தில் வாழும் செடிகள் நான்கு உபாயங்களைக் கைக்கொள்கின்றன. தும்பை போன்றவை மழையோடு பிறந்து, பூத்து, விதை சிந்திவிட்டுக் கோடைக்கு முன்னரே மடிந்துவிடும். கோடையை அவை விதையாகவே கழிக்கின்றன. கற்றாழையும் பிரண்டையும் தம் உடம்பையே நீர்த்தொட்டியாக்கிக்கொள்ளும். மூக்கிரட்டை தடித்த வேரை ஆழச் செலுத்தி, மேலே கருகினாலும் கீழே உயிரைக் காத்துக்கொள்ளும். எருக்கலை இலையில் மெழுகும் வெண்பொடியும் பூசி நீர் வெளியேறாது தடுக்கும். இந்நான்கில் ஒன்றேனும் அறியாத செடியைத் தீவில் நட்டால், அது நம்முடைய குடத்து நீரைக் குடித்தே வாழும். செடியைத் தெரியும்போது முதலிற் கேட்கவேண்டிய கேள்வி பூவின் நிறமன்று. கோடையை நீ எப்படிக் கழிப்பாய் என்பதே.

பிறநாட்டார் கண்ட பெருமை

காட்டுப்பூவைத் தோட்டத்துக்கு அழைப்பது புதுமையன்று. இங்கிலாந்திலே 1870ஆம் ஆண்டில் வில்லியம் றொபின்சன் என்பவர், தாமாக வாழவல்ல செடிகளைக் கொண்டே தோட்டம் அமைக்கவேண்டும் என வற்புறுத்தி ஒரு நூல் எழுதினார். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, 1855இல், றிச்சட் டீக்கின் என்னும் ஆங்கில மருத்துவர் உரோமாபுரியின் கொலோசிய மண்டபச் சிதைவுகளில் வளர்ந்த செடிகளை மாத்திரம் ஆராய்ந்து 420 இனங்களைப் பட்டியலிட்டார். ஒரே கட்டடத்தின் கல்லிடுக்குகளில் 420 இனங்கள்! பின்னாளிற் கட்டடத்தைக் காக்கவேண்டி அவற்றிற் பெரும்பாலானவை அகற்றப்பட்டன. பூவைக் காப்பதா, கல்லைக் காப்பதா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

ஐரோப்பிய மதில்களில் ஊதாநிறப் பூவுடன் படரும் சிறு கொடியொன்று உண்டு. அதன் பூக்காம்பு முதலில் ஒளியை நோக்கி நிற்கும். கருக்கட்டியபின் அதே காம்பு ஒளிக்குப் புறங்காட்டி இருளை நோக்கி வளைந்து, விதைக்காயைக் கல்லிடுக்கினுள் செலுத்திவிடும். தன் பிள்ளைக்குத் தானே இடந்தேடும் தாய் என்று அதனைச் சொல்லலாம்.

நம் நாட்டுச் செடிகளின் வரலாறும் சிறியதன்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1670களில் இலங்கையிற் பணியாற்றிய போல் ஹெர்மன் இங்குள்ள செடிகளைச் சேகரித்து உலர்த்திக் கொண்டுசென்றார். அச்சேகரிப்பை ஆராய்ந்தே, தாவரங்களுக்குப் பெயரிடும் முறைமையை வகுத்த லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். 1893 முதல் வெளிவந்த ஹென்றி திறைமன் அவர்களின் பெருநூல் பல செடிகளுக்குத் தமிழ்ப்பெயரையும் குறித்து வைத்துள்ளது. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. ஆங்கிலத்தில் இன்று பெருவழக்காக எஞ்சியிருப்பது நெடுந்தீவின் டெல்வ்ற் என்ற பெயர் ஒன்றே. சூட்டிய பெயர்கள் மறைந்தன; தும்பையும் நெருஞ்சியும் தம் பழம்பெயரோடு நிற்கின்றன.

முதலில் மதிலைப் படியுங்கள்

தோட்டம் போட விரும்புவோர் உடனே மண்வெட்டியை எடுக்கவேண்டாம். ஒரு மாரியும் ஒரு கோடையும் வளவைக் கவனித்தல் நன்று. அவ்வளவு பொறுமை இல்லாதோர் ஒரு மாரியையாவது கவனிக்கவேண்டும். எந்த மூலையில் மழைநீர் தேங்குகிறது, எந்தப் பக்கத்திற் சோளகம் அடிக்கிறது, எங்கே எந்தப் பூ தானாக முளைக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவின் மதில்கள் தனிச்சிறப்புடையன. முருகைக்கற்களையும் சுண்ணக்கற்களையும் சாந்தின்றி, ஒன்றோடொன்று பொருந்துமாறு அடுக்கிக் கட்டியவை அவை. காற்று அவற்றினூடே புகுந்து செல்வதால் பெருங்காற்றின் வேகம் தணிகிறது. நீர் வடிந்துவிடுகிறது. கல்லுக்குக் கல் இருக்கும் இடைவெளியோ பல்லிக்கும் எறும்புக்கும் விதைக்கும் வீடாகிறது. ஊர்காவற்றுறை, வேலணைப் பகுதிகளிலுள்ள பழைய மதில்களிற் பல சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டப்பட்டவை. சாந்து உதிர்ந்த இடங்களிலே செடி குடிபுகும்.

மதிலுக்குத் திசை உண்டு என்பதையும் மறத்தலாகாது. தெற்கும் மேற்கும் நோக்கிய முகம் வெயிலையும் உப்புக்காற்றையும் ஏற்பது. அங்கே கற்றாழையும் பிரண்டையும் போன்ற உரம் பெற்றவையே நிற்கும். வாடைமழை வந்து மோதுவது வடகிழக்கு முகத்தில். மாரியிற் சூரியன் தெற்கே சாய்வதனால் வடக்கு முகம் நிழலாய் ஈரம் காத்து நிற்கும். ஆகவே விதை தூவி முளைப்பிக்க உகந்த பக்கம் வடக்கும் வடகிழக்குமே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நாம் பேசுவது வளவைச் சுற்றிய மதிலைப்பற்றி மாத்திரமே. குடியிருக்கும் வீட்டுச் சுவரிற் காணும் வெடிப்பு, செடி நடும் இடமன்று. அது நோயின் அறிகுறி. அத்திவாரம் இறங்கியதா, கூரைநீர் ஒழுகியதா என்று காரணத்தைக் கண்டு திருத்தவேண்டும். சுண்ணாம்பினாற் கட்டிய பழஞ்சுவரைச் சீமெந்து பூசி மூடுவதும் முறையன்று. சீமெந்து உள்ளீரத்தை வெளிவிடாது அடைத்துவிடும். அவ்வீரத்தோடு கலந்த உப்பு உள்ளே பளிங்காகித் திரண்டு கல்லையே பொடியாக்கும். பழஞ்சுவருக்குப் பழைய சுண்ணாம்புச் சாந்தே மருந்து.

மதிலுக்கு ஏற்ற விருந்தாளிகள்

மதிலிடுக்குச் செடிக்கு மூன்று இலக்கணம் வேண்டும். வேர் மரமாகித் தடிக்கக்கூடாது. உருவம் சிறிதாயும் பாரம் குறைந்ததாயும் இருக்கவேண்டும். தானே விதைத்துத் தானே வாழவேண்டும். இம்மூன்றும் பொருந்திய சிலவற்றைக் காண்போம்.

பட்டிப்பூ: நித்தியகல்யாணி என்ற மறுபெயருக்கு ஏற்ப ஆண்டு முழுவதும் பூப்பது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இரு நிறம். இதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவாயினும் நம் மண்ணில் ஊரவனாகிவிட்டது. உப்புக்காற்றைத் தாங்கும். இலை கசப்பாதலின் ஆடு தீண்டாது. தீவுப்பகுதியிலே இஃது ஒரு பெருந்தகுதி. 1950களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆராய்ச்சிகளின் பயனாக இச்செடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்துகள், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் வேறுசில புற்றுநோய்களுக்கும் இன்றளவும் வைத்தியசாலைகளிற் பயன்படுகின்றன. ஆயினும் செடி நச்சுத்தன்மை உடையது. வீட்டிலே கசாயம் வைத்துக் குடிக்கும் மருந்தாக இதனைக் கருதுதல் பேராபத்து.

சிறுபூளை: பஞ்சுபோன்ற வெண்கதிர்களை உடையது. உதிர்ந்த சாந்தின் ஒரு பிடி மண்ணே இதற்குப் போதும். தமிழ்நாட்டிற் பொங்கலுக்கு முன்னாள் வீட்டிறப்பிற் காப்பாகச் செருகும் பூ இதுவே.

விட்டுணுகிரந்தி: தரையோடு படர்ந்து, சட்டைப் பொத்தானளவு நீலப்பூக்களைக் காலையில் விரித்து நண்பகலில் மூடும். கற்கள் செறிந்த ஏழை மண்ணே இதற்கு விருப்பம். மதிலின் தாழ்ந்த படிகளிலும் முற்றத்துக் கல்லிடுக்குகளிலும் இருத்தலாம்.

குப்பைமேனி: பூ சிறப்பற்றது, எனினும் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவது. இதன் வேரை முகர்ந்த பூனை மயங்கிப் புரளும். பூனைவணங்கி என்று நம் முன்னோர் காரணப்பெயர் இட்டனர்.

பிரண்டை: மதிலின் தலையிற் படரவிடத் தக்கது. நாற்சதுரத் தண்டு நீரைத் தேக்கி வைத்திருக்கும். இளங்கொழுந்து துவையலுக்காகும். பூவும் காயும் இரண்டுமே எறும்புக்கும் பறவைக்கும் விருந்து.

கற்றாழை: மதிற்றலையில் அகன்ற கல்லிடையே ஒரு கன்றை வைத்துவிட்டால் போதும். நீண்ட காம்பின் நுனியில் வரும் மஞ்சட்பூக் கொத்து தேன்சிட்டை அழைக்கும்.

கிணற்றுச் சுவரின் நிழலான உட்பக்கத்திற் பன்னச்செடி தோன்றுவதுண்டு. சுண்ணாம்பை விரும்பும் பன்ன இனங்கள் உள்ளன. குடிநீர்க் கிணறாயின் உதிரும் சருகைக் கருதி அகற்றலாம். பாவனையற்ற கிணறாயின் விட்டுவிடலாம்.

மதிலைப் பிளக்கும் அன்பர்கள்

இனிப் பகைவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர்கள் பகைவர் என்றே நமக்குத் தோன்றாதவர்கள்: அரசு, ஆல், இத்தி, வேம்பு. காகமும் குயிலும் நாகணவாயும் பழத்தை உண்டு எச்சமிடும் இடமெல்லாம் இவற்றின் விதை விழுகின்றது. மதிலிடுக்கில் இரண்டு பளபளத்த இலையுடன் நிற்கும் அரசங்கன்றைப் பார்த்தாற் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அதன் வேர் ஆண்டுதோறும் தடிக்கும் மரவேர். தச்சன் ஆப்பு வைத்து மரத்தைப் பிளப்பதுபோல, அவ்வேர் மெல்ல மெல்லக் கல்லைக் கல்லினின்று பிரிக்கும். பத்து வருடத்திற் சுவர் வாய்பிளக்கும். பின்னர் மரத்தை வெட்டினாற் சுவரும் கூடவே விழும், வெட்டாவிட்டாலும் விழும்.

இது வெறுங் கற்பனையன்று. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போரின் காரணமாக ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து பெருந்தொகையான குடும்பங்கள் வெளியேறின. பூட்டிவிட்டுச் சென்ற வீடுகளிற் பல மீண்டும் திறக்கப்படவேயில்லை. கூரை போயிற்று, சாளரம் போயிற்று, சுவர்களை ஆலும் அரசும் அணைத்துக்கொண்டன. பாட்டன் கட்டிய வீட்டைத் தேடி வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளை, சுவர் எது, வேர் எது என்று பிரித்தறியாது நிற்பதைத் தீவுகளில் இன்றும் காணலாம். அவ்வீடுகளைச் சாய்த்ததில் மனிதர் அகன்றபின் ஆண்டுதோறும் தடித்த வேருக்கும் பெரும்பங்குண்டு. முதலாண்டில் இரு விரலாற் கிள்ளக்கூடிய கன்று அது. முளையிற் கிள்ளாததை முற்றியபின் கோடரி கொண்டு வெட்டவேண்டும் என்ற முதுமொழிக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

அரசையும் ஆலையும் வெட்டுவது பாவம் என்று தயங்குவோர் உளர். அத்தயக்கம் மதிக்கத்தக்கதே. அவர்களுக்கு நல்லதொரு வழியுண்டு. மாரியில் மண் நனைந்திருக்கும்போது, கன்று சாணளவாக இருக்கையில், ஈரமாக்கிய இடுக்கிலிருந்து வேரறாது மெதுவாக உருவி, ஒரு சிரட்டையில் மண்ணிட்டு நட்டு, தழைத்தபின் குளக்கரையிலோ கோயில் வெளியிலோ வைத்துவிடுங்கள். மதில் பிழைக்கும், மரமும் பிழைக்கும், வழிப்போக்கருக்கு நிழலும் கிடைக்கும்.

வேர் விரற்பருமனைத் தாண்டிவிட்டால் இழுத்துப் பிடுங்குதல் தகாது; கற்களும் உடன்வரும். தண்டைச் சுவரோடு ஒட்ட அறுத்து, துளிர்க்குந்தோறும் மறுபடி அறுத்து, வேர் பட்டபின் துளையைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கவேண்டும். பெருமரமாகிவிட்டதாயின் அனுபவமுள்ள மேசனாரின் துணை அவசியம்.

நெடுந்தீவுக் கோட்டையும், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் கடற்கோட்டையும் போன்ற பழஞ்சின்னங்களில் இவ்வேலையை நாமாகச் செய்யலாகாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பழஞ்சின்னங்களைப் பேணும் பொறுப்பு தொல்பொருளியல் திணைக்களத்துக்கு உரியது. அங்கே ஒரு கல்லிலும் கைவைக்காது, கண்டதைத் தெரிவிப்பதே நம் கடமை.

மதிலடியும் கடற்புறமும்

மதிலில் நிற்கத் தகாத சில செடிகள் மதிலடியிற் சிறப்பாக நிற்கும். தும்பை வெண்பூவால் தேனீயை அழைக்கும்; சிவபூசைக்கும் உரியது. துத்தி பிற்பகலில் மஞ்சட்பூ விரிக்கும். காலையில் விட்டுணுகிரந்தியும் பிற்பகலில் துத்தியுமாக இருவேளையும் தோட்டம் பூத்திருக்கும். மூக்கிரட்டை தரையிற் படர்ந்து குருமணி போன்ற செம்பூக்களைக் காட்டும், இலை கீரையுமாகும். நெருஞ்சியின் மஞ்சட்பூ அழகியதே. ஆனால் முள்ளை எண்ணிப் பிள்ளைகள் நடமாடாத ஓரத்துக்கு அதனை ஒதுக்கவேண்டும்.

மதிலிலிருந்து சில முழம் தள்ளி, பின்னணியாக ஆவரசையும் எருக்கலையையும் நிறுத்தலாம். எருக்கம்பூ பிள்ளையாருக்கு உகந்தது. செம்மஞ்சட் சிறகில் வெண்புள்ளியிட்ட எருக்கலை வண்ணாத்திப்பூச்சி தன் முட்டையை இடுவதும் இச்செடியிலேதான். இதன் பால் கண்ணிற் பட்டால் தீங்கு விளைக்கும், கவனம் வேண்டும்.

வேலியிற் கார்த்திகைப்பூவுக்கு இடங்கொடுக்கலாம். கோடை முழுவதும் கிழங்காக மண்ணுள் உறங்கி, மழையோடு எழுந்து, இலைநுனியையே பற்றுக்கோடாக்கி ஏறும் அதன் சாதுரியம் வியப்புக்குரியது. மஞ்சளாய்த் தொடங்கிச் செந்தீயாய் முடியும் அதன் நிறமாற்றம் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் கிழங்கு கொடிய நஞ்சு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இதனை எட்டாத வேலியிலே வைக்கவேண்டும். கிழங்கை வெறுங்கையால் தோண்டலாகாது.

கடலை அண்டிய வளவாயின் அடம்பன்கொடியே அரசி. ஆட்டுக்குளம்பு போன்ற இலையும் ஊதாநிறப் புனற்பூவும் கொண்டு மணலை இறுகப் பிடித்துக்கொள்ளும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியை நமக்குத் தந்த கொடி அது. அதனைக் களையென்று வாரியெடுத்த கரைகளிற் காற்று மணலை வாரிச்செல்கிறது.

நடுகை நாட்காட்டி

மாசி, பங்குனியில் உலர்ந்த விதைகளைச் சேகரியுங்கள். தும்பையின் தலையைக் கவிழ்த்துத் தட்டினாலே விதை உதிரும். காகிதப் பையிலிட்டுப் பெயரெழுதி உலர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் விதை வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சொந்த வளவிலும் ஒழுங்கையிலும் அண்டை வீட்டிலும் பெறுவதே முறை. 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட நெடுந்தீவுப் பகுதியில் எதையும் பறிக்கலாகாது.

புரட்டாதியில் மதிலைப் பார்வையிடுங்கள். மரக்கன்றுகளை அகற்றுங்கள். சரிந்த கற்களைத் திரும்ப அடுக்குங்கள். உட்புறம் சரிந்த இடுக்குகளைத் தெரிவு செய்யுங்கள். மழைநீர் உள்ளே வழியும். வெளிப்புறம் சரிந்த இடுக்கில் விதை நில்லாது.

ஐப்பசியின் முதல் நல்ல மழையின் பின் நடுகையைத் தொடங்குங்கள். குளத்து வண்டல் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, உக்கிய மாட்டெரு அரைப்பங்கு சேர்த்துப் பிசைந்து, விதையை உள்ளே வைத்துப் புளியங்கொட்டையளவு உருண்டைகளாக்கி, விரலால் இடுக்கினுள் அழுத்திவிடுங்கள். எருவை மிகுத்தல் வேண்டாம். கொழுத்த மண்ணில் இலை பெருத்துப் பூ குறையும். பாரத்தாற் செடியும் சாயும். பிரண்டைத் தண்டை வெட்டிய முனை காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலிற் போட்டுப் பின் மதிற்றலையிற் செருகுங்கள். முதலிரு வாரத்தில் மழை பொய்த்தால் மாலைதோறும் அரிசி களைந்த நீரில் ஒரு சிரட்டை போதும். அதன்பின் நீர் வார்க்கவேண்டாம்; வார்த்துப் பழக்கினால் வேர் ஆழஞ் செல்லாது.

மார்கழி, தையில் பூ. வைகாசி முதல் ஆவணி வரை மதில் கருகிக் கிடக்கும். அப்போது இறந்துவிட்டதென்று பிடுங்கலாகாது. அஃது உறக்கம்.

ஆடு, மாடு, நெடுந்தீவில் கட்டாக்காலிக் குதிரை என்பவற்றின் வாய்க்கு எட்டும் உயரத்திற் கசப்புச் செடிகளையும், எட்டாத மேற்பகுதியில் இளஞ்செடிகளையும் வைப்பது விவேகம். பாம்புக்கு அஞ்சுவோர் வீட்டு வாசலை அடுத்த மதிலடியிற் புதர் சேராது, சாணுயரச் செடிகளை மாத்திரம் விட்டுச் சருகைக் கூட்டிவிடவேண்டும். பூச்சாடித் தட்டுகளிலே நீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும் இக்காலத்தில், சாடியே இல்லாத இத்தோட்டம் உடல்நலத்துக்கும் உகந்தது.

பூவென்று எண்ணிப் பேயை அழையாதீர்

தானாக முளைப்பதெல்லாம் நன்மையன்று. வெண்பொட்டுப் பூவும் கரட் இலை போன்ற இலையுமாகத் தோன்றும் பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரவிய கொடிய களை. பயிரை நெருக்கும், தோலிற் சொறியும் மூச்சிழுப்பும் உண்டாக்கும். கையுறை அணிந்து, பூக்குமுன் வேரோடு பிடுங்கி அழிக்கவேண்டும். அழகுக்காகக் கொண்டுவந்த நாயுண்ணி இன்று காடுகளை மூடுகிறது. வேலிக்காக வந்த நாகதாளிக் கள்ளியின் ஓரினம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் அளவுக்கு மிஞ்சிப் பரவவே, 1860களில் இந்தியாவிலிருந்து ஒருவகைச் செதிற்பூச்சியைக் கொண்டுவந்து விட்டு அதனை அடக்கினர். ஒரு செடியை வரவழைப்பது எளிது, வழியனுப்புவது அரிது. அறியாத செடியை நடுமுன் ஊரிலுள்ள முதியவரிடமோ விவசாயப் போதனாசிரியரிடமோ காட்டிக் கேட்பது கடமை.

மாணவருக்கு ஒரு வேலை

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்களின் பெயர்கள் வருகின்றன என்று படிக்கிறோம். நம் பாடசாலை மதிலில் எத்தனை மலர்கள் உள்ளன என்று எண்ணினோமா? பத்துமுழ நீள மதிலொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐப்பசி முதல் பங்குனிவரை வாரம் ஒருமுறை சென்று, எந்தச் செடி, எந்த உயரத்தில், எந்தத் திசையில், எந்நாளிற் பூத்தது, எந்தப் பூச்சி வந்தது என்று கொப்பியில் எழுதுங்கள். பெயர் தெரியாத செடியைப் பாட்டியிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் பெயரையும் பயனையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். இடப்பெயர்வினால் ஊரைவிட்டுப் பெயர்ந்தோர் தம்முடன் செடியைக் கொண்டுசெல்லவில்லை. செடி கண்முன் இல்லாதபோது பெயரும் நாவினின்று நழுவிவிடுகிறது. இன்று ஒரு கொப்பியில் எழுதப்படாத பெயர் நாளை எந்த அகராதியிலும் தேடக் கிடையாது போகலாம்.

தீவுகளின் வளமின்மையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. விடுமுறைக்கென ஆடி மாதத்தில் வந்து, காய்ந்த மதிலையும் கருகிய வெளியையும் கண்டு, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுத் திரும்புவோர் பலர். அவர்கள் ஒருமுறை மார்கழியில் வரட்டும். அதற்குள் நாம் அரசங்கன்றை அகற்றி, சரிந்த கல்லை அடுக்கி, இடுக்குக்கு இரண்டு விதை வைத்துவிட்டால், அவர்களுடைய பாட்டன் அடுக்கிய அதே மதில், ஒரு குடம் தண்ணீர்ச் செலவுமின்றி, பூத்து நின்று அவர்களை வரவேற்கும்.